பேராண்டிக்குப் பெருசு சொல்லும் புத்தி

எலே பேராண்டி, பிஎச்டி பண்ணப் போறியாமே? ஊசி போடத் தெரியாத டாக்டரு நம்ம வம்சத்துல இதுவரைக்கும் இல்ல. அந்தக் கொறையும் தீரட்டும். போறதுக்கு முன்னால பெருசு சொல்றதக் கேட்டுக்க.

மொதல்ல கடன் சொல்லப் பழகு. ஜேஆர்எஃப்ங்குற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா மாசம் 37,000 ரூபா. 2023 சனவரி மொதல்னு கணக்கு வச்சு உசத்துனாக. ஆனா மாசாமாசம் வரும்னு எந்தப் புண்ணியவான் சொன்னான்? கைக்கு வந்தா நீ செலவழிச்சுப்புடுவேன்னு, உன் நல்லதுக்குத்தான் மாசக்கணக்குல நிறுத்தி வைக்கிறாக.

ரெண்டாவது, கருவி கிருவி கேட்டு நிக்காத. பல்கலைக்கழகம் வாங்குற ஆய்வுக் கருவிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமா இருந்துச்சு. 2022 சூலையில 18 ஆச்சு. ஒரு கை மானியம் குடுக்கும், மறு கை வரி வாங்கும். நாட்டு உற்பத்தியில நூறு ரூபாய்க்கு 64 காசுதான் ஆராய்ச்சிக்குன்னு 2020-21 கணக்கு சொல்லுது. அதுக்குத்தான் 2023ல சட்டம் போட்டு அனுசந்தான் அறக்கட்டளை வச்சாக. அஞ்சு வருசத்துக்கு 50,000 கோடியாம். அதுல பெரும்பங்கு தனியார்கிட்ட இருந்து வரணுமாம். மொய்ய நம்பிப் பந்தல் போட்ட கல்யாணந்தான்!

மூணாவது, பேப்பரு. பட்டம் வாங்கப் பேப்பர் கட்டாயமில்லன்னு யுஜிசி 2022லயே சொல்லிருச்சு. சந்தோசப்படாத. வேலைக்குப் போனா மொதக் கேள்வியே "எத்தன பேப்பர்?"தான். என்ன கண்டுபிடிச்சேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. காசக் கட்டுனா எதையும் அச்சடிக்கிற பத்திரிகை இருக்கு. ஒரே சேதிய நாலாக் கூறு போட்டா நாலு பேப்பரு. கெட்டிக்காரனா இருந்தா எட்டு.

அப்புறம் வாத்தியார் வேல. ஒரே துகள் ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்கும்னு நீதான் ஒருக்கா சொன்ன. நான் நம்பல. 2024ல அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள்ல ஒரே ஆசிரியர் பேரு பல கல்லூரிக் கணக்குல இருந்தது வெளிய வந்துச்சே, அன்னைக்கு நம்பிட்டேன். வெளிநாட்டுக்காரன் துகள வச்சுக் காட்டுனத நம்மாளுக முழு மனுசன வச்சே காட்டிட்டாக!

இம்புட்டும் கேட்டுட்டு இன்னும் எந்திரிக்காம உக்காந்திருக்கியே, மருந்துக்கும் பயமில்லையாடா? சரி, காதக் குடு. பேப்பர எண்ணுறவுக யாரும் படிக்கிறதில்ல. அதுல உனக்கொரு சௌகரியம் இருக்கு: நெசத்த எழுதினாலும் மாட்டிக்கிட மாட்ட. தைரியமா நெசத்தையே எழுது.