உலகம் விற்பனைக்கு, ஒன்பதாயிரம் ஆண்டு வரலாறு இலவசம்

கற்பனையில் ஓர் உலகத்தைப் படைத்து, அதைச் சொந்தச் செலவில் புத்தகமாகப் போடுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். இவர்கள் நாவலாசிரியர்கள் அல்ல. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற மேசை விளையாட்டுகளுக்குக் களம் அமைத்துக் கொடுப்பவர்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் திருடனாகவும் பேசி, இருபது முகப் பகடையை உருட்டித் தலைவிதியைத் தெரிந்துகொள்ளும் ஆட்டம் அது. கதை நடக்க ஒரு நாடு வேண்டுமே, அந்த நாட்டைத்தான் இவர்கள் விற்கிறார்கள். வரைபடம், அரச வம்சங்கள், தெய்வங்கள், பண்டிகைகள், நாணய மாற்று விகிதம் எல்லாம் உண்டு. ஆட வருகிறவர்களோ கண்ணில் பட்ட முதல் சாராயக்கடையில் நுழைந்து, கடைக்காரனோடு சண்டை பிடித்து, இரவோடிரவாக ஊரை விட்டு ஓடுவார்கள். ஒன்பதாயிரம் ஆண்டு வரலாற்றில் அவர்களுக்குத் தேவைப்பட்டது கடைக்காரனின் பெயர் ஒன்றுதான். ஆசிரியர் அதை மட்டும் எழுதியிருக்க மாட்டார்.

இந்தத் தொழிலுக்குப் பணமின்மைதான் எதிரி என்பார்கள். பணமின்மையைப் போல நல்ல பதிப்பாசிரியர் அதற்கு வாய்க்கவில்லை என்பது என் கட்சி. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய மூல விளையாட்டே சொந்தப் பதிப்புதான். கைகாக்ஸ் அப்போது செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டது. லேக் ஜெனீவா ஊரில் ஆட்கள் கையால் அடுக்கிப் பெட்டியில் போட்டார்கள். உள்ளே இருந்தவை மூன்று சிறு புத்தகங்கள். விதிகளிலேயே ஓட்டைகள், உலகம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவுமில்லை. வாங்கியவர்கள் வேறு வழியில்லாமல் ஆளுக்கொரு உலகத்தைக் கட்டிக்கொண்டார்கள். விளையாட்டு பரவியதற்கு அந்த ஓட்டைகளுக்கு ஒரு நன்றிக்கடன் உண்டு. கைகாக்ஸின் சொந்த உலகமான கிரேஹாக் 1980இல் தனியே வெளிவந்தபோதுகூட 32 பக்கமும் வரைபடமுமாகவே வந்தது. அதே 1974இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகள் கற்பித்த எம்.ஏ.ஆர். பார்க்கர், தம் டெகுமெல் உலகத்தைச் சுமார் ஐம்பது பிரதிகள் உருட்டச்சு எடுத்தார். மறு ஆண்டு டிஎஸ்ஆர் அதைப் பதிப்பித்தது. சிறுவயது முதல் வளர்த்த உலகம்; மொழி, எழுத்து, இலக்கணம் எல்லாம் அதற்கு உண்டு. இன்றுவரை அதைப் போற்றுகிறவர்கள் பலர், ஆடுகிறவர்கள் சிலர். பேராசிரியரின் வகுப்பில் கைதூக்கப் பயப்படுவது மனித இயல்பு.

கையில் காசு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் டிஎஸ்ஆரே சாட்சி. 1990களில் அது டார்க் சன், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட் என்று உலகத்தின் மேல் உலகமாக இறக்கியது. டார்க் சன்னின் பாலைவன உலகத்தை வாங்கியவர் பர்த்ரைட்டின் அரசியல் உலகத்தைத் தொடவில்லை; வாசகர்கள் அப்படியே இருக்க, கண்டங்கள் மட்டும் பெருகின. கடனும் கடைகளிலிருந்து திரும்பி வந்த புத்தகங்களும் சேர்ந்து அழுத்த, 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அதை வாங்கியது. அந்த நிறுவனம் 2002இல் புதிய உலகம் தேடிப் போட்டி வைத்தபோது, முதல் சுற்றுக்கு ஒரே ஒரு பக்கம் போதும் என்றது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவை வந்தன. கீத் பேக்கரின் எபரான் தேறி 2004இல் புத்தகமானது. ஓர் உலகம் தேறுமா தேறாதா என்று அறிய ஒரு பக்கம் போதுமானால், மிச்சம் நூற்றுக்கணக்கான பக்கங்கள் யாருக்காக? ஆனால் இன்றைய சொந்தப் பதிப்பாளரைத் தடுக்க ஆளில்லை. பிடிஎப்பில் பக்கத்துக்குக் காசில்லை. கேட்டால் கேட்ட பிரதியை மட்டும் அச்சடித்துத் தருகிறார்கள். பரணில் கட்டுக்கட்டாகத் தேங்காது, வீட்டில் யாரும் முறைக்கவும் மாட்டார்கள். எனவே மூன்றாம் யுகத்து உப்பு வரிக்குத் தனி அத்தியாயம்.

டோல்கீன் இப்படித்தானே வம்சாவளி எழுதினார் என்று உடனே ஒருவர் எழுந்து நிற்பார். எழுதினார்தான். 1937இல் ‘ஹாபிட்’ கதையை முதலில் கொடுத்தார். வம்சாவளிகளை 1955இல் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்றாம் பாகத்தின் கடைசியில், பிற்சேர்க்கையில் வைத்தார். நம்மவர்கள் பிற்சேர்க்கையில் தொடங்கி அங்கேயே குடியேறிவிடுகிறார்கள். கிரெக் ஸ்டாஃபோர்டின் குளோராந்தா உலகத்தை முன்வைத்தால், அது கனமான எதிர்வாதம். 1966 முதல் எழுதப்பட்டது. புராணம் மேல் புராணம். இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அவர் 1975இல் கேயாஸியம் என்று சொந்த நிறுவனம் தொடங்கி முதலில் விற்றது கலைக்களஞ்சியம் அல்ல, ஒரு கணவாயைச் சுற்றி நடக்கும் போர் பற்றிய பலகை விளையாட்டு. ஆளுக்கு ஆள் குளோராந்தா மாறலாம் என்று படைத்தவரே அனுமதியும் கொடுத்துவிட்டார். பிரம்மாக்களிடம் இந்தத் தாராளம் அபூர்வம்.

மிஞ்சுவது ஓர் ஆட்சேபம்: இந்தப் புத்தகங்களை வாங்குகிற பலர் ஆடுவதற்காக வாங்குவதில்லை, படுக்கையில் படித்து ரசிக்கவே வாங்குகிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் ரசிக்கிற பக்கத்துக்கும் சனிக்கிழமை இரவு ஆட்டம் நடத்துகிறவர் அவசரமாகத் தேடுகிற பக்கத்துக்கும் ஒரே அட்டை போடுவானேன்? நாற்பது பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு, மூன்று ஊர், ஒருவரோடொருவர் ஆகாத நாலு பேர், கட்டாயமாகக் கடைக்காரன் பெயர் என்று ஆட்டத்துக்கு ஒரு புத்தகம். உப்பு வரியும் நாணய மாற்றும் தனி இணைப்பாக, தனி விலையில். இணைப்புதான் அதிகம் விற்கும் என்று யாராவது சொன்னால், அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.