கால்கட்டு

கால்கட்டு என்று நம் பெரியவர்கள் சொன்னால் அது விவாகத்தைத்தான் குறிக்கும். எனக்கு அந்தக் கால்கட்டு 1991-ல் திருச்சியில் நாதஸ்வரத்தோடும் நாலு பந்திச் சாப்பாட்டோடும் நடந்தேறியது. இரண்டாவது கால்கட்டு சென்ற ஆடி மாதத்தில், செகந்திராபாத் பத்மாராவ் நகரில், என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பாசி படிந்த சிமென்ட் தரையில் நானே வழுக்கி விழுந்ததன் பயனாக, யாதொரு வாத்தியமும் இல்லாமல் மாவுக்கட்டு ரூபத்தில் சம்பவித்தது. அன்றாடம் காலையில் ஸ்கந்தகிரி முருகனைத் தரிசித்துவிட்டு, வருகிற வழியில் நாலு பேரோடு வம்பளந்துவிட்டு வீடு திரும்பும் ஒரு மனிதனை மூன்று வாரம் கட்டிலில் கிடத்தினால் அவனால் வீட்டாருக்கு நேரக்கூடிய உபத்திரவம் எத்தகையது என்பதை முன்கூட்டியே உணர்ந்த என் மனைவி, பெங்களூரிலிருந்து மகளை வரவழைத்தாள். மகள் வந்து தொலைக்காட்சிப் பெட்டியில் எதையோ இணைத்து, எதற்கோ சந்தா கட்டி, "அப்பா, உங்க காலத்துக் காதல் படமெல்லாம் இதுல இருக்கு, சத்தம் போடாம பாருங்க" என்று ரிமோட்டைக் கையில் கொடுத்தாள்.

ஆனால் முதலில் போட்டது அவள் காலத்துப் படமும் அல்ல, என் ஊர்ப் படமும் அல்ல. ஜான் ஹியூஸ் என்ற அமெரிக்கர் 1984-ல் எடுத்த 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்'. ஒரு பெண்ணின் பதினாறாவது பிறந்த நாளை வீட்டார் மறந்துவிடுகிறார்கள். அதனால் அவளுக்கு உண்டாகும் துக்கமே கதை. நான் வெகு நேரம் இதில் துக்கம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். எங்கள் வீட்டில் யாருடைய பிறந்த நாளையும் யாரும் நினைவில் வைத்திருந்ததில்லை. நட்சத்திரம் மட்டும் பாட்டிக்குத் தெரியும், தேதி பள்ளிக்கூடத்துக்கு மட்டுந்தான் தேவைப்பட்டது. அதையும் என் தாத்தா, பேரனைச் சீக்கிரம் வகுப்பில் தள்ளிவிடும் அவசரத்தில் ஒரு வயதைக் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டபடியால், உத்தியோகத்திலிருந்து நான் ஒரு வருஷச் சம்பளம் குறைய ஓய்வு பெற்றேன். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய அநியாயமா என்று மகளைக் கேட்டேன். அவள் படத்தை மாற்றினாள்.

செகந்திராபாத்தில் 1980-களில் வளர்ந்த தமிழ்ப் பையன், காதல் சாஸ்திரத்தைப் பல மொழிகளில் பல கொட்டகைகளில் அப்பியாசம் செய்யவேண்டியிருந்தது. ஆங்கிலப் படத்துக்கு சங்கீத் தியேட்டர். அங்கே போகும்போது மட்டும் ஷூ போட்டுக்கொள்வோம். தெலுங்குப் படத்துக்கு எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கொட்டகை. தமிழ்ப் படமோ ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில், ஏதாவது ஒரு தியேட்டர் மனம் இரங்கினால் உண்டு. லாலாகூடாவிலிருந்தும் அல்வாலிலிருந்தும் திருமலகிரியிலிருந்தும் மாரேட்பள்ளியிலிருந்தும் தமிழர்கள் தேர்த்திருவிழாவுக்கு வருவதுபோல் குடும்ப சமேதராய் வந்து சேர்வார்கள். மதராஸிலும் மதுரையிலும் ஓடித் தேய்ந்து, கடைசியாகத்தான் அந்தப் பிரதி எங்களிடம் வரும். திரையில் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்துகொண்டே இருக்கும். நாங்கள் அதை மழை என்போம். பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' 1981-ல் வந்தது. முட்டம் கடற்கரையில் உச்சி வெயிலில் கார்த்திக்கும் ராதாவும் ஓடும்போதும் எங்களுக்கு அடைமழைதான். இப்போது அதே படத்தைத் துல்லியமான பிரதியில் பார்க்கிறேன், ஒரு தூறல்கூட இல்லை. ஏதோ காட்சியை வெட்டிவிட்டாற்போல் இருந்தது.

அந்தப் படத்தின் முடிவில் பையன் பூணூலையும் பெண் சிலுவைச் சங்கிலியையும் கழற்றி எறிந்துவிட்டுக் கைகோத்து நடந்து போகிறார்கள். அன்றைக்குக் கொட்டகையில் நான் எழுந்து நின்று கைதட்டினேன். இன்றைக்கு, சாய்ந்த தலையணையில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு, இவர்கள் எங்கே போகிறார்கள், போகிற இடத்தில் வாடகைக்கு முன்பணம் யார் கொடுப்பார், இரண்டு பேரில் ஒருவராவது பள்ளிப் படிப்பை முடித்தார்களா என்றெல்லாம் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெலுங்கில் இதே கதையை பாரதிராஜாவே 'சீதாகோகசிலுக' என்று எடுத்தார். கதாநாயகன் அதிலும் கார்த்திக்தான். தமிழில் நடந்து போன பிள்ளை தெலுங்கிலாவது ஒரு வேலையில் அமர்ந்திருப்பான் என்று அந்தப் படத்தையும் தேடினேன், கிடைக்கவில்லை.

அதே 1981-ல் பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா' வந்தது. எதிர் வீட்டுக்குக் குடிவந்த பெண்ணை வசப்படுத்த மூன்று இளைஞர்கள் அவள் வீட்டாரை ஆளுக்கொருவராகப் பங்கு போட்டுக்கொள்ள, ஒருவன் அவள் தந்தையிடம் இந்தி படிக்கப் போகிறான். வாத்தியார் சொல்லும் 'ரஹதா தா' அவன் வாயில் 'ரகு தாத்தா'வாகிவிடுகிறது. அந்தத் தாத்தாவுக்கு ஆயுசு கெட்டி. 2024-ல் ஒரு முழுப் படத்துக்கே அவர் பெயரைத்தான் வைத்தார்கள். தமிழ்நாட்டில் ஜனங்கள் இந்தி தெரியாததால் சிரித்தார்கள். செகந்திராபாத்தில் நாங்கள் தெரிந்ததால், கொஞ்சம் கர்வத்தோடு சிரித்தோம். அந்தக் கர்வம் நான் முதன்முதல் டில்லிக்குப் போய், ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம் வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கில் "நக்கோ" என்று சொன்னபோது தீர்ந்தது. அவர் தம் நண்பர்களைக் கூப்பிட்டு என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஆனால் எங்களுக்கு உண்மையான அநர்த்தத்தை விளைவித்த படம் பாலசந்தரின் 'மரோ சரித்ர'. 1978-ல் வந்த தெலுங்குப் படமாயினும், 1981-ல் 'ஏக் துஜே கே லியே' என்று இந்தியிலும் அவரே எடுத்தபடியால், எங்கள் காலத்தை அதுவே ஆண்டது. விசாகப்பட்டினத்தில் தமிழ்ப் பையன், தெலுங்குப் பெண், கமலஹாசன், சரிதா. தெலுங்கு தேசத்துத் தமிழ்ப் பையன் என்ற ஜாதியைச் சேர்ந்த எங்களுக்கு இது கதையாகத் தோன்றவில்லை, அரசாங்க அறிவிப்பாகத் தோன்றியது. அவர்களுக்குக் கடற்கரை இருந்தது, எங்களுக்கு அந்நாளைய வாசனையோடு ஹுசேன் சாகர் ஏரி இருந்தது என்பதையோ, படத்தின் முடிவில் இருவரும் உயிரோடு இல்லை என்பதையோ நாங்கள் பொருட்படுத்தவில்லை. ஒரு வருஷம் சந்திக்காமலும் கடிதம் எழுதாமலும் இருக்கவேண்டும் என்று பெற்றோர் போட்ட நிபந்தனையைக் கேட்டு அன்று பல்லைக் கடித்தேன். இப்போது பார்த்தால், அந்தப் படத்தில் நிதானமாக யோசித்துப் பேசப்பட்ட ஒரே வார்த்தை அதுதான்.

இனி என் சொந்த விருத்தாந்தம். 1984-ல் ஜந்த்யாலாவின் 'ஸ்ரீவாரிகி பிரேமலேகா' வந்தது. ஒரு பெண் விளையாட்டாக ஒரு கற்பனைப் பெயருக்கு எழுதிய காதல் கடிதம் நரேஷின் கையில் போய்ச் சேர, அவன் எழுதியவளைத் தேடிப் புறப்படுகிறான். (அந்தப் படத்தில் ஸ்ரீலக்ஷ்மி, அகப்பட்டவர்களையெல்லாம் உட்காரவைத்துப் பார்த்த சினிமாவின் கதையை எழுத்துப் போடுவதிலிருந்து சொல்லத் தொடங்குவார், இப்போது நான் அதை மறுபடி பார்த்த அன்றிரவு என் மனைவி என்னைப் பார்த்து அந்த அம்மாளை நினைவுபடுத்தினாள்.) தவறான விலாசத்துக்குப் போன கடிதமே கல்யாணத்தில் முடியுமானால், சரியான விலாசத்துக்குப் போகும் கடிதம் எவ்வளவு பலன் தரும் என்று பத்தொன்பது பிராயத்துப் புத்தி கணக்குப் போட்டது. நான் டைப்ரைட்டிங் படித்த இடத்தில் எனக்கு இரண்டு மெஷின் தள்ளி ஒரு தெலுங்குப் பெண் உட்காருவாள். தெலுங்கு எனக்குத் தெருவில் கற்ற பாஷை, பேசுவேன், பரீட்சைக்காகக் கற்ற எழுத்துகள் பரீட்சையோடு போய்விட்டன. ஆகவே தெலுங்கு வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி அவள் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது எழுதும்போது என் புத்திக்கு எட்டவில்லை.

அவளுக்கு அதைப் படித்துச் சொல்ல ஒரு தமிழர் வேண்டியிருந்தது. அகப்பட்டவர் எங்களுக்கு டைப்பு சொல்லிக்கொடுத்த பெரியவர். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு மெஷின்களும் ஓய்ந்து நிற்க, தபால்காரர் மணியார்டர் படிப்பதுபோல் உரக்கப் படித்தார். தமிழில் ககரத்துக்கு ஒரே எழுத்து என்பதும், வார்த்தையின் முதலில் நின்றால் அதை வன்மையாகவே உச்சரிப்போம் என்பதும் இலக்கணம் அறிந்தவர்களுக்குத் தெரியும். உனக்காக என் இதயம் உடைகிறது என்று நான் எழுதிய இடத்தில், இதயத்துக்கு உள்ள தெலுங்குச் சொல்லை 'குண்டெ' என்று எழுதியிருந்தேன். அதன் முதலெழுத்தை மென்மையாக ஒலிக்கவேண்டும். அவர் வன்மையாக ஒலித்தார். தெலுங்கில் 'குண்ட' என்றால் பானை.

மறுநாள் அந்தப் பெண், சற்றும் பரிகாசமில்லாத குரலில், உங்கள் வீட்டில் பானை உடைந்துவிட்டதாமே, மோண்டா மார்க்கெட்டில் நல்ல பானை கிடைக்கும் என்று சொல்லிவிட்டு மெஷினில் தாளைச் சொருகினாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லையா, அல்லது புரிந்ததனால்தான் அப்படிச் சொன்னாளா என்பதை நாற்பது வருஷமாக ஆலோசித்து வருகிறேன். அவள் லோயர் பரீட்சையில் தேறினாள். நான் தேறவில்லை.

மணிரத்னம் 1989-ல் எடுத்த 'கீதாஞ்சலி'யைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஊட்டி, பனிமூட்டம், காதலர் இரண்டு பேருக்கும் தீராத வியாதி. அந்தக் குளிரில் கதாநாயகி கம்பளி இல்லாமல் ஓடுவதைப் பார்த்து நான் இரண்டு தடவை தும்மினேன்.

மூன்றாவது வாரத்தில்தான் ஜந்த்யாலாவின் 'அஹ நா பெள்ளண்ட' வந்து வாய்த்தது, 1987-ல் வெளியானது. ஒரு மகா கருமியின் பெண்ணைக் காதலித்த ராஜேந்திர பிரசாத், அவளை அடைவதற்காகத் தானும் கருமியாக நடிக்கிறான். கருமியாக வருகிறவர் கோட்டா ஸ்ரீனிவாச ராவ். உத்தரத்தில் ஒரு கோழியைக் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே வெறும் சோற்றைச் சாப்பிடும் அவருடைய காட்சியைத் தெலுங்கு தேசம் இன்றளவும் மறக்கவில்லை. அன்று நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். இன்று அதே காட்சியில், அந்த மனிதர் அப்படிச் செய்ததில் என்ன பிழை, கோழி விற்கிற விலையில் அது ஒரு வாரத்துக்காவது வருமே என்று நான் சொல்லிவிட்டேன். சொன்னது உரக்கவே கேட்டிருக்கவேண்டும். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியையும், அதை நிறுத்துவதற்காக நான் ஊன்றுகோலால் சுவிட்சை எட்டிக்கொண்டிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல கோழி ஒண்ணுதான் இன்னும் தொங்கலை," என்றாள்.

மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. மகள் கட்டிய சந்தா இம்மாதம் 28-ஆம் தேதியோடு முடிகிறது. மேற்கொண்டு கட்டும் உத்தேசம் எனக்கு இல்லை. வாசகர்களில் யாரிடமாவது 'சீதாகோகசிலுக'வின் பிரதி இருந்தால், கோடும் மழையும் இருந்தாலும் பாதகமில்லை, ஒரு வாரம் இரவலாகத் தந்து உதவவேண்டும். தபால் செலவு வேண்டாம். நானே நடந்து வந்து வாங்கிக்கொள்கிறேன்.