முப்பத்தொன்பதில் பாதி

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றே காலுக்கு, மைசூர் சரஸ்வதிபுரத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவர் தம் பேத்தியிடம் திட்டு வாங்கினார். அவர்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறவர். கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் தம்மைப் படர்க்கையில் வைத்துப் பேசுகிறார். 'நான்' என்று ஆரம்பித்தால் வார்த்தை தடித்துவிடும்.

பேத்தி பதினொன்றாம் வகுப்பு. திங்கட்கிழமை காலை ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். எழுதுகிற வேலை சனிக்கிழமையே முடிந்துவிட்டது. 'அலைன்மென்ட்' மட்டும் பாக்கி. பள்ளிக்கூடம் கொடுத்த விதிமுறைத் தாள் இரண்டு பக்கம். கட்டுரையில் விஷயம் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரே ஒரு வரி. மிச்சமெல்லாம் டைம்ஸ் நியூ ரோமன், 12 பாயின்ட், ஒன்றரை இடைவெளி, பத்துப் பக்கத்துக்கு மேல் கூடாது, ஸ்பைரல் பைண்டிங், நீல அட்டை. (சுப்ரீம் கோர்ட்டே 2020இல்தான் ஏ4 தாளுக்கு இறங்கி வந்தது. அங்கேயும் டைம்ஸ் நியூ ரோமன், ஒன்றரை இடைவெளிதான்; எழுத்து மட்டும் 14 பாயின்ட். நீதிபதிகளுக்குக் கண்ணாடி இருக்கிறது, வாத்தியாருக்கு இளவயசு என்று வைத்துக்கொள்ளலாம்.)

"நீ போய்த் தூங்கு, இதை நான் பார்த்துக்கறேன்" என்றார் தாத்தா.

ஆராய்ச்சிக் கட்டுரையை ஒழுங்குபடுத்த மூன்று வழிகளைச் சொல்லத்தான் இவர் பேனா எடுத்தார். சொல்வார். அதற்கு முன்னால் டைப்ரைட்டிங் பற்றி ஒரு வார்த்தை.

இவர் 1974இல் லோயர் பாஸ் செய்தவர். காலை ஆறு மணி பேட்ச், ரெமிங்டன் மெஷின், 'ஏ' எழுத்து பாதி தேய்ந்தது. அந்தக் காலத்தில் தலைப்பை நடுவில் போடுவது ஒரு வித்தை. பட்டனைத் தட்டினால் தானாக நடுவில் போய் உட்காராது. முதலில் தாளின் நடுப்புள்ளிக்கு உருளையை நகர்த்த வேண்டும். பிறகு தலைப்பிலுள்ள எழுத்துகளை எண்ண வேண்டும். இடைவெளியும் எழுத்துக் கணக்குதான். வருகிற தொகையில் பாதி தடவை பின்னோக்கித் தட்ட வேண்டும். அங்கிருந்து அடித்தால் தலைப்பு தராசு முள் மாதிரி நடுவில் நிற்கும். தொகை ஒற்றைப்படையானால்? அதுதான் கேள்வி. 'தி அர்த்தசாஸ்திரா அண்ட் தி மைசூர் லைப்ரரி' என்ற பேத்தியின் தலைப்பை ஆங்கிலத்தில் எண்ணினால் 39. பாதி பத்தொன்பதரை. அரை எழுத்தை எங்கே வைப்பது? அதைத் தள்ளிவிடு என்பார் இன்ஸ்டிடியூட் மாஸ்டர். ஏன் தள்ள வேண்டும், கூட்டினால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். மாஸ்டர் ஸ்கேலை எடுத்தார். அரை எழுத்து அன்றோடு தள்ளுபடி. ஐம்பது வருஷமாக இவர் அதைத் தள்ளிக்கொண்டே வருகிறார். கல்யாணப் பத்திரிகையில், வாடகை ஒப்பந்தத்தில், காலனி சங்க நோட்டீசில். அந்த மெஷினில் 'ஐ'க்கும் 'எம்'முக்கும் ஒரே அகலம், பைக்கா எழுத்தென்றால் அங்குலத்துக்குப் பத்து. அதற்குப் பேர் சமத்துவம். லண்டன் டைம்ஸ் பத்திரிகை 1932இல் தனக்கென்று செய்துகொண்ட டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் அந்தச் சமத்துவம் கிடையாது. ஒல்லி எழுத்துக்கு ஒல்லி இடம், தடி எழுத்துக்குத் தடி இடம்.

இந்த விவரம் ஞாயிறு ராத்திரி இவருக்கு உறைக்கவில்லை. பத்துப் பக்கத்தையும் ஸ்பேஸ்பாரிலேயே நிமிர்த்தினார். பத்தி தொடங்கினால் ஐந்து தட்டு, முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு தட்டு, அடுத்த பக்கம் போக வேண்டுமென்றால் என்டர், என்டர், என்டர். கிரானைட் கல் பதித்த மாதிரி இருந்தது. பேத்தி எழுந்து வந்தாள். எழுத்து டைம்ஸ் நியூ ரோமனாக இல்லை என்று கண்டாள். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து மாற்றினாள், ஒரே சொடக்கு.

தலைப்புகள் இடப்பக்கம் சரிந்தன. நாலாம் பக்கத்துப் படம் ஆறாம் பக்கத்துக்குக் குடிபோனது. கட்டுரை பன்னிரண்டு பக்கமானது.

"தாத்தா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

கட்டுரையின் விஷயம் வேடிக்கையானது. 1891இல் தொடங்கிய மைசூர் ஓரியன்டல் லைப்ரரிக்கு 1905இல் ஓர் ஓலைக்கட்டு வந்தது. கிரந்த எழுத்து. நூலகர் சாமா சாஸ்திரி பிரித்துப் பார்த்தால் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். 1909இல் மூலத்தை அச்சிட்டார், 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பு புத்தகமானது. பழைய ஓலைகளில் சொல்லுக்குச் சொல் இடம் விட மாட்டார்கள். கயிறு கோக்கும் துளையைச் சுற்றித்தான் கொஞ்சம் வெற்றிடம். மனிதர் ஒட்டிக் கிடந்ததையெல்லாம் பிரித்தார். இந்தத் தாத்தா பிரிந்திருந்ததை மேலும் பிரித்தார். மறுநாள் காலை பிரிண்ட் கடைக்காரர்கூட இவருடைய பழைய பிரதியைத் திரையில் பார்த்துவிட்டு "ஏன் சார், இஷ்டு காலி ஜாகா!" என்றார். இவ்வளவு காலியிடத்துக்குத் தனிக் கட்டணம் கேட்காததே பெரிசு.

மூன்று வழிகள் பாக்கி இருக்கின்றன, ஞாபகம் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் முடியாது.

பன்னிரண்டைப் பத்தாக்க இடைவெளிகளைக் களைந்தாள் பேத்தி. பத்துப் பக்கமும் மூன்று வரியும் மிச்சம். அந்த மூன்று வரிக்கு முதல் வரைவிலேயே வாத்தியாரின் சிவப்பு மை விழுந்திருந்தது: "பெயர்? ஆதாரம் கொடு." சுவடியைக் கொண்டுவந்தவரைத் தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் என்று மட்டும் சாமா சாஸ்திரி குறிப்பிடுகிறார், பெயர் சொல்லவில்லை. விதிமுறைத் தாளின்படி பெயரில்லாதவரை மேற்கோள் காட்ட வழியில்லை. ஒரு நூலையே காப்பாற்றிக் கொடுத்தவரின் பெயர் எங்கேயும் இல்லாமல் போனதே என்று அந்த மூன்று வரியில்தான் அவள் எழுதியிருந்தாள். மொத்தக் கட்டுரையில் அவளாக யோசித்தது அதுதான். அதை விட்டுவிடாதே என்று இவர் சொல்லியிருக்கலாம். அன்று ராத்திரி இவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை.

டிலீட்டைத் தட்டினாள்.

திங்கட்கிழமை காலை நீல அட்டை, ஸ்பைரல், சரியாகப் பத்துப் பக்கம். தலைப்பு நடுவில் நின்றது. தஞ்சாவூர்ப் பண்டிதர் அதில் இல்லை.