‘நான் பாக்கிறன்’ அண்ணை

கனடாவின் ஸ்காபரோவில் தமிழர் குடியிருக்கும் எந்தத் தெருவிலும் இவர் ஒருவர் இருப்பார். கணக்காளராக இருக்கலாம், தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவராக இருக்கலாம். உத்தியோகம் எதுவானாலும், வீட்டில் ஒரு பொருள் பழுதானால் அவர் வாயில் முதலில் வருவது ஒரே வசனம்தான்: "விடுங்கோ, நான் பாக்கிறன்."

பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார்.

இந்த மார்கழியில் அவர் பார்த்தது ட்ரையரை. மேல்தகட்டில் கை வைக்க முடியாத சூடு. துவாய் கருகல் மணத்தோடு வெளியே வருகிறது, ஜீன்ஸின் இடுப்புப் பட்டியோ இன்னும் ஈரம். "ஆளைக் கூப்பிடுவமே?" என்றார் அண்ணி. அந்த வீட்டில் கெட்ட வார்த்தை என்றால் அதுதான். "வந்து எட்டிப் பாக்கிறதுக்கே காசு கேப்பாங்கள். பாத்திட்டு, புதுசு வாங்குங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போவாங்கள்!"

இதை வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. பெற்றோலை ஒரு சொட்டு ஊற்றி உயிர்ப்பித்துவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். அப்படிப்பட்டவரிடம் போய் ஒரு தகரப் பெட்டிக்கு ஆள் பிடிப்போம் என்றால் ரோசம் வராதா?

பேஸ்மென்டில் வேலை தொடங்கியது. முதலில் பிரேக்கரை இறக்கினார். இதில் அவர் சுத்தம். ட்ரையருக்கு வருவது 240 வோல்ட், விளையாட்டில்லை. பின்தகட்டைக் கழற்றி, கழற்றிய திருகாணிகளை மாஜரீன் டப்பாவில் போட்டார். டோர்ச் பிடிக்க மகன். வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை மாட்டுவதுபோல மல்டிமீற்றரின் வயரைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு விளக்கம் ஆரம்பமானது.

"இஞ்ச பார் தம்பி, உள்ளுக்குக் கொயில் ஒண்டு இருக்கு. அது தொய்ஞ்சு தகரத்தில முட்டினால், தேர்மோஸ்டாட் வெட்டினாலும் மற்றப் பக்கத்தால கரண்ட் வந்துகொண்டே இருக்கும். சூடு நிக்காது!"

உண்மைதான். அப்படி நடப்பதுண்டு, அபூர்வமாக. அபூர்வமான நோய்தான் அண்ணைக்குப் பிடித்த நோய். சாதாரணக் காரணம் இருக்குமென்று நினைப்பதே அவருக்கு மரியாதைக் குறைவு. ஆகவே கொயிலோடு எலிமென்ட் ஒன்று, தேர்மோஸ்டாட் இரண்டு, கையோடு பெல்ட்டும் ஒன்று என்று ஓடர் போனது. பெல்ட்டில் பிழையில்லை. "திறந்தது திறந்ததுதானே," என்றார்.

சாமான் வந்து சேரும்வரை கதிரை முதுகு, மாடிப்படிக் கைபிடி எங்கும் ஈர உடுப்பு. பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் பொடியன் ஒரு நாள் படியேறி வந்து, "அண்ணை, என்ர வேலைச் சட்டை…" என்று இழுத்தான். "பகுதி வரவேணும் தம்பி," என்றார், சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுப்பவரின் நிதானத்தோடு.

இடையில் ஒரு நல்ல காரியமும் செய்தார். சூடு மிஞ்சினால் தன்னைத்தானே எரித்துக்கொண்டு இயந்திரத்தை நிறுத்தும் சின்னப் பியூஸ் ஒன்று ட்ரையரில் உண்டு. மல்டிமீற்றரை வைத்தார், 'பீப்' வரவில்லை. கடைசி ஓட்டத்தின் சூட்டில் பியூஸ் போயிருந்தது. கைத்தொலைபேசியில் ஒரு சிநேகிதர், "அதைத் தாண்டி ஒரு வயரைக் கொழுவி விடும், ஓடும்," என்று ஆலோசனை சொன்னார். அண்ணை மறுத்துவிட்டு, புதுப் பியூஸுக்கும் ஓடர் போட்டார். இதற்காக அவரைக் கும்பிடலாம். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான ஆண்டுகளை வைத்துப் போட்ட கணக்கில், ட்ரையரால் வீடுகளில் மூண்ட தீ ஆண்டுக்குச் சுமார் 2,900. அதில் முதலிடம் பிடித்த காரணம், துப்புரவு செய்யாமல் விட்டது.

பகுதிகள் வந்தன, பூட்டியாயிற்று. ட்ரையர் ஓடியது. அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கால் மணி நேரத்தில் மேல்தகடு பழையபடி சுட்டது.

அந்த நேரம் குப்பைப் பெட்டியை வெளியே வைக்கப் போன அண்ணி, சுவரோரம் நின்று குரல் கொடுத்தார்: "இஞ்சேருங்கோ, இதுக்குள்ளால புகை வரக் காணேல்லையே?"

பனிக்காலத்தில் ட்ரையர் ஒழுங்காக ஓடினால், வெளிச்சுவரில் உள்ள மூடி திறந்து வெள்ளை ஆவி பொங்கிக்கொண்டு வரும். அதற்கு மல்டிமீற்றர் வேண்டியதில்லை, கண் போதும். ஆவி வராவிட்டால் ஈரக் காற்று பெட்டிக்குள்ளேயே சுற்றுகிறது என்று அர்த்தம். உடுப்பும் காயாது, சூடும் இறங்காது.

இயந்திரத்தை மறுபடி இழுத்துப் பார்த்தால், பின்னால் இருந்த 4 அங்குலக் குழாய் அப்பளமாக நசிந்து கிடந்தது. தீபாவளிக்கு வாங்கிய அரிசி மூட்டைகளுக்கு இடம் பண்ணவென்று ட்ரையரைச் சுவரோடு தள்ளியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. குழாய்க்குள் கைவிட்டு இழுத்தால் சாம்பல் நிறப் பஞ்சு கட்டி கட்டியாக வந்தது. நடுவில் மகனின் ஒற்றைக் குழந்தைச் சொக்ஸ். மகனுக்கு இப்போது மீசை.

"எலிமென்டும் பலவீனமாய்த்தான் இருந்தது," என்றார் அண்ணை.

உங்கள் வீட்டு ட்ரையர் சுட்டால் முதலில் வெளியே போய் ஆவி வருகிறதா என்று பாருங்கள். பிறகு குழாயைப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் முறையான ஆளைக் கூப்பிடுங்கள். அண்ணையின் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அவரிடம் பெல்ட் ஒன்று பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.