அண்ணாச்சி சைனா போகிறார்

பாரிமுனைப் பக்கம் சமையலறைச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சிகளுக்கு, வயது ஐம்பதைத் தொடுகிற சமயத்தில் ஒரு ஞானோதயம் வரும். கடையில் தொங்குகிற வடிகட்டி, சிலிகான் கரண்டி, நாலு பக்கமும் பூட்டுகிற டிபன் டப்பா எல்லாவற்றையும் சீனாவிலிருந்து யாரோ இறக்குகிறார். அவரிடம் இன்னொருவர் வாங்குகிறார். அந்த இன்னொருவரிடம் நாம் வாங்குகிறோம். இது அண்ணாச்சிக்கு ஆதியிலேயே தெரியும். ஆனால் நடுவில் நிற்கிற அந்த இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் புதுக் கார் வாங்கும்போதுதான் உறைக்கும். மறுநாள் காலை கடையைத் திறந்து, சாம்பிராணி காட்டி, கல்லாவில் உட்கார்ந்த கையோடு அறிவிப்பார்: "நாமளே நேரா போயிருவோம்டே."

"எங்க முதலாளி?"

"சைனாவுக்கு."

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். சாயங்காலம் டீக்கடையில் ஆலோசகர்கள் கூடிவிடுவார்கள். சைனா போனவர்களைவிட, போகிறவருக்கு யோசனை சொல்கிறவர்கள் அந்தத் தெருவில் எப்போதும் நாலு பேர் கூடுதல். "சாம்பிள் ஒண்ணு காட்டுவான், கன்டெய்னரைத் திறந்தா செங்கல் இருக்கும்" என்பார் ஒருவர். உங்களுக்கு நடந்ததா என்று கேட்டால், மச்சானுடைய பங்காளிக்கு என்பார். "ரோட்டுல யாராவது சிரிச்சுப் பேசி டீ குடிக்கக் கூப்பிட்டா போயிராதீங்க, பில்லைப் பார்த்தா மயக்கம் வரும்" என்பார் இன்னொருவர். இது நிஜம்தான், ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் வெளியூர்க்காரர்களிடம் காட்டுகிற பழைய வித்தை. ஆனால் அண்ணாச்சி கடைப் பையனுக்கு டீ சொல்லவே இரண்டு தடவை யோசிக்கிறவர். அவரை டீயை வைத்து மடக்க இனிமேல்தான் ஆள் பிறக்க வேண்டும்.

மூன்றாவது ஆள்தான் உருப்படி. "தேதி பார்த்துப் போங்க அண்ணாச்சி" என்றார். குவாங்சோவில் 1957-லிருந்து நடக்கிற கேன்டன் ஃபேர் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் மூன்று கட்டம். முதலில் எந்திரம், மின்சாமான், ஹார்டுவேர். அடுத்தது வீட்டுச் சாமான், சமையலறை, பரிசுப்பொருள். கடைசியில் துணிமணி, செருப்பு வகையறா. இது தெரியாமல் அக்டோபர் 15-ந் தேதியே போய் இறங்கிய ஒருவர், கரண்டி பார்க்கப் போன இடத்தில் ஐந்து நாளும் டிராக்டரையும் ஜெனரேட்டரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாராம். அந்த ஒருவர் தான்தான் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அண்ணாச்சி காலண்டரைப் புரட்டினார். 2025-ஆம் வருஷம் தீபாவளி அக்டோபர் 20. இரண்டாம் கட்டம் 23-லிருந்து 27 வரை. தீபாவளிக் கல்லாவை எண்ணி முடித்த கையோடு கிளம்பலாம். 21 செவ்வாய், பேச்சே இல்லை. 22 புதன், வடக்கே சூலம். சீனாவோ வடகிழக்கில் கிடக்கிறது. குடும்ப ஜோசியர் பாலில் பரிகாரம் சொல்லத் தொடங்கியபோது, டிக்கெட் போடுகிற பையன் குறுக்கே புகுந்தான்: "சார், இது கோலாலம்பூர் வழியா போகுது. ஃபிளைட் முதல்ல தென்கிழக்காதான் கிளம்பும்." ஜோசியர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, தோஷமில்லை என்றார். நேர் விமானம் இல்லாததற்குச் சந்தோஷப்பட்ட பயணியை அந்தப் பையன் அன்றைக்குத்தான் பார்த்திருப்பான்.

கிளியரிங் ஏஜென்ட் யோசனை சொல்லவில்லை, கேள்வி கேட்டார். "ஐ.இ.சி. நம்பர் எடுத்தாச்சா?" அது இல்லாமல் இறக்குமதி என்று வாயைத் திறக்க முடியாது. "எத்தனை சி.பி.எம். எடுக்கப் போறீங்க?" இருபதடிக் கன்டெய்னரில் கணக்குக்கு 33 கன மீட்டர், அட்டைப்பெட்டியாக அடுக்கினால் 28 தேறினால் அதிகம். "பொம்மையைப் பார்த்து ஆசைப்பட்டுராதீங்க. 2021 ஜனவரியிலேருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாம இறங்காது. வரியும் 20-ல இருந்து 60, அப்புறம் 70-ன்னு ஏத்திட்டான். எந்தச் சரக்கானாலும் முப்பது பெர்சன்ட் அட்வான்ஸ், பாக்கி எழுபது சரக்கைச் சோதிச்ச பிறகு. அதை மாத்திப் பேசினா எந்திரிச்சு வந்துருங்க." அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியாக ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அங்க தயிர் கிடைக்குமா?"

சாப்பாட்டு இலாகா அண்ணாச்சியம்மாவுடையது. சீனாக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவர் விசாரித்தது வாட்ஸ்அப்பில். அதில் வந்த வீடியோக்களைப் பார்த்த பிறகு, வீட்டுக்காரர் உயிரோடு திரும்பி வர வேண்டுமென்றால் ஐந்து நாளைக்குப் பத்து நாள் சாப்பாடு வேண்டும் என்று முடிவு கட்டினார். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கருவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, மோர் மிளகாய், அவல், முறுக்கு, தீபாவளி மிச்சம் அதிரசம், வயிற்றுக்குத் தீபாவளி லேகியம். பால் சாமான், பழம், காய்கறி எல்லாம் அந்த ஊர் கஸ்டம்ஸில் விடமாட்டார்கள் என்று மகன் சொன்னதும், நெய்ப் பாட்டில் மட்டும் வருத்தத்தோடு வெளியே வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், குவாங்சோக்காரர்களில் பாதிப் பேர் காலையில் எழுந்ததும் குடிப்பது அரிசிக் கஞ்சி. சூடாக வெள்ளைக் கஞ்சி, பக்கத்தில் ஊறவைத்த காய். அண்ணாச்சி திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பதினைந்து வயது வரைக்கும் எதைக் குடித்து வளர்ந்தாரோ அதேதான். மகன் போனில் படம் காட்டினான். அம்மா பார்த்துவிட்டு, "கஞ்சி குடிக்கவா லட்ச ரூவா செலவழிச்சு அம்புட்டு தூரம் போறாரு?" என்று கேட்டு, தொக்கில் இன்னும் ஒரு கால் கிலோ கூட்டினார்.

தொக்கை எதில் வைப்பது? கைக்கு எட்டும் தூரத்தில் நாலு பக்கமும் பூட்டுகிற டிபன் டப்பா ஒன்று இருந்தது. அது அண்ணாச்சி சைனாவில் காட்டி விலை பேசுவதற்காகக் கடையிலிருந்து பொறுக்கி எடுத்துவந்த சாம்பிள். அந்த விவரம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசா போட்டோவுக்கு ஸ்டூடியோக்காரர் திருநீற்றைத் துடைக்கச் சொன்னார். பத்து நிமிஷம் மனக்கசப்பு. கோட் தைக்கக் கொடுத்தார். சின்ன மகள் ரிசப்ஷனுக்குத் தைத்தது தொப்பைக்கு முன்னால் சேர மறுத்துவிட்டது. ரொக்கமாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர்தான் கொண்டுபோகலாம் என்றதும், அந்த 3,000-க்கும் பட்டாபட்டி டிராயருக்குள் ஜிப் வைத்த பை தைக்கப்பட்டது. அந்த ஊரில் பூக்காரிகூட நோட்டை வாங்காமல் போனை நீட்டுகிற காலம் வந்துவிட்டது, வெளிநாட்டுக் கார்டையே அலிபேயில் ஏற்றிக்கொள்ளலாம் என்று மகன் எடுத்துச் சொன்னான். அண்ணாச்சி கேட்டுக்கொண்டார், ஜிப்பைப் பிரிக்கவில்லை.

போன் விஷயத்தில்தான் அவர் கொஞ்சம் ஆடிப்போனார். ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் வராது, கூகுள் வராது, யூடியூப் வராது. "அப்ப வியாபாரிகள் சங்க குரூப்புல குட்மார்னிங் யாருடே போடுவா?" இந்த ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் வரும் என்று சொல்லித் தேற்றினார்கள். வீசாட் கணக்கு தொடங்கினால், ஏற்கெனவே அதில் இருக்கிற ஒருவர் ஸ்கேன் செய்து இவர் ஆசாமிதான் என்று உறுதி சொல்ல வேண்டுமாம். இதற்கு ஆள் தேடி அலைந்ததில், தன் கடைக்குச் சரக்கு போடுகிற அந்தப் புதுக் கார்க்காரரிடமே போய் நிற்க வேண்டியதாயிற்று. அவர் சிரித்துக்கொண்டே ஸ்கேன் செய்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி அண்ணாச்சி இரவு வெகுநேரம் யோசித்தார்.

விசிட்டிங் கார்டு ஆயிரம் அச்சடித்தார். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சீனம், இரண்டு பக்கமும் செந்தில் ஆண்டவர். கார்டை ஒற்றைக் கையால் நீட்டக் கூடாது, இரண்டு கையாலும் கொடுத்து இரண்டு கையாலும் வாங்கி, வாங்கியதை ஒரு நிமிஷம் மரியாதையாகப் பார்க்க வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு வந்தார். கடையில் ஒத்திகை தொடங்கியது. வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு பாத்திரக்கடைக்காரருக்குப் பாக்கி சில்லறை நாற்பது ரூபாயை இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்தார். அவர் பயந்துபோய், ஏதோ கணக்கு இடிக்கிறது என்று பில்லை முதலிலிருந்து கூட்டிப் பார்த்தார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மைத்துனர் வந்து சேர்ந்தார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ராஜேந்திர சோழன் காலத்தில், 1015-லேயே, சோங் அரசவைக்குச் சோழ நாட்டுத் தூதுக்குழு போயிருக்கிறது என்றார். குவான்சோவில் சிவன் கோயில் இருந்தது, 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது என்றார். எல்லாம் சரிதான். "நீங்க போனதும் பேச்சை இதுல ஆரம்பிங்க அத்தான். உறவு முறை வந்துட்டா விலை தானா இறங்கும்." குவான்சோ ஃபூஜியன் மாகாணம், அப்பா போவது குவாங்சோ, அது குவாங்டுங் மாகாணம் என்று மகன் இடையில் திருத்தப் பார்த்தான். மைத்துனர் விடுவதாக இல்லை. அப்படியானால் போதிதர்மர், அவர் கடல்வழி வந்து இறங்கியதாகச் சொல்லும் இடத்தில் குவாங்சோவிலேயே ஹுவாலின் என்று ஒரு கோயில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்காரர் பெயரைச் சொன்னால் ஐந்து பெர்சன்டாவது தள்ள மாட்டானா? அண்ணாச்சிக்கு இது பிடித்திருந்தது. காஞ்சிபுரத்தில் அவருக்கு இரண்டு நல்ல பார்ட்டிகள் உண்டு.

விமான நிலையத்தில் மூன்று கிலோ கூடிப்போனது. எதை எடுப்பது என்று பெட்டியைத் திறந்துவைத்துக் குடும்பமே உட்கார்ந்து ஆலோசித்ததில், கேட்லாக் கட்டும் எழுநூறு விசிட்டிங் கார்டும் வீட்டுக்குத் திரும்பின. முறுக்கு சைனா போனது. பவர் பேங்க்கைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியில் வைத்திருந்தார். அது கையில்தான் போக வேண்டும் என்று கூப்பிட்டு எடுக்கவைத்தார்கள். யோசனை சொன்ன இத்தனை பேரில் ஒருவர்கூட, பழைய செருப்பு ஒரு ஜோடி எடுத்துப் போங்கள் என்று சொல்லவில்லை. அது ஒன்றுதான் உண்மையில் தேவைப்பட்டது.

கேன்டன் ஃபேர் நடக்கிற பஜோ வளாகத்தில் மூன்று கட்டமும் சேர்த்துக் கண்காட்சி இடம் மட்டும் 15 லட்சம் சதுர மீட்டருக்கு மேல். மெட்ரோ எட்டாவது லைனில் இறங்கி உள்ளே நுழைந்த அண்ணாச்சி, புது ஷூவோடு டிபன் டப்பா வரிசைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு குதிகாலும் கொப்புளித்துவிட்டன. ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பூவின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஒரு பெண் நாற்காலியைக் காட்டினாள். அண்ணாச்சி ஒத்திகை பார்த்தபடியே எழுந்து நின்று, இரண்டு கையாலும் கார்டை நீட்டினார். அவளும் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிய வேகத்தில் நோட்டுப் புத்தகத்தில் வைத்து ஸ்டேப்ளரை டக்கென்று ஒரு அழுத்து. பின் நேராகச் செந்தில் ஆண்டவர் வேலில் இறங்கியது. கார்டுக்குக் கீழே "இந்தியா, பாக்ஸ், விலை பார்ப்பவர்" என்கிற மாதிரி ஏதோ இரண்டு வரி எழுதிக்கொண்டாள்.

அண்ணாச்சி சாம்பிளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் நாலு பூட்டையும் படபடவென்று திறந்தாள். திறந்த வேகத்திலேயே மூடினாள். சென்னையிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்தும் ஒரு சொட்டு எண்ணெய் வெளியே கசியவில்லை. சரக்கு தரமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி எந்தச் சோதனைக்கூடத்திலும் கிடைக்காது. மூக்கைத் துடைத்துக்கொண்டே அவள் தன் அலமாரியிலிருந்து அதே டப்பாவை எடுத்து வைத்தாள். பிறகு கால்குலேட்டரை நகர்த்தினாள்: 1.35. டாலர், எஃப்.ஓ.பி., அதாவது கப்பலில் ஏற்றிக் கொடுக்கிற விலை.

சோழரும் வரவில்லை, போதிதர்மரும் வரவில்லை. அண்ணாச்சி கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பி 0.60 என்று அடித்தார். அந்தக் கணத்தில் அவர் முகத்தில் இருந்த பயம், கூச்சம், குதிகால் வலி எல்லாம் போய், பாரிமுனைக் கல்லாவில் இருக்கிற முகம் வந்துவிட்டது. அவள் சிரித்தாள், 1.30. அவரும் சிரித்தார், 0.65. அவள் 1.22-ம் அதன் கீழே 3000-ம் அடித்து, மூடியின் நீலத்தையும் பச்சையையும் தனித்தனியாகத் தொட்டுக் காட்டினாள். கலருக்கு 3,000. அண்ணாச்சி எல்லாக் கலரும் சேர்த்து ஐநூறு என்று நினைத்துக்கொண்டு வந்தவர். அவர் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளத்தக்க நம் ஊர் ஆட்டம்; அவள் இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டு 1.18-க்கு வந்தாள்.

எழுந்துவிட்டார். திண்டிவனத்துக்காரர், ஆரணிக்காரர் எல்லோரும் தன் கடையில் தினமும் செய்வதுதான்: எழுந்து, பையை எடுத்து, "சரி, அடுத்த தடவை பார்ப்போம்" என்று படியிறங்குவார்கள். கடைசிப் படியில் கால் வைக்கும்போது தான் கூப்பிடுவதுதான் கணக்கு. அண்ணாச்சி டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார். கார்பெட் முடிகிற இடத்தில் வேகத்தைக் குறைத்தார். ஷூ லேஸைச் சரிசெய்தார். குரல் வரவில்லை. பக்கவாட்டில் கண்ணை ஓட்டிப் பார்த்தால், ஆப்பிரிக்க நாட்டு வியாபாரி ஒருவர் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய கால்குலேட்டரில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். ஸ்டேப்ளர் சத்தம் கேட்டது.

உடனே திரும்பிப் போனால் மானம் போய்விடும். அண்ணாச்சி எதிர் ஸ்டாலில் நின்று, தரை துடைக்கிற மாப் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் பிடியைத் திருகி, நாரைப் பிரித்து, வாழ்நாளில் மாப்பே பார்த்திராத ஆள் கணக்காக ஆராயத் தொடங்கினார். எதிர் ஸ்டால்காரர் அதற்குள் இரண்டு கையாலும் கால்குலேட்டரை நீட்டிவிட்டார்.