ஒரு கடுகு ஏத்துங்க

ஆறு கிலோவைத் தூக்குவதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் கிடையாது. எங்கள் தெருவில் தண்ணீர் கேன் போடும் பையன் 20 லிட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, செல்போனில் யாரையோ கோபித்தபடியே மூன்றாவது மாடி ஏறிவிடுகிறான். ஆனால் ஆறு கிலோவை மேஜைக்கு அடியில் மல்லாந்து கிடந்து, இடது கையால் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர்த்தி, மூச்சைப் பிடித்து அங்கேயே நிறுத்தி, வலது கையால் தடவித் தடவிப் பூட்ட வேண்டுமென்றால் அவனும் கேனை இறக்கிவிட்டு யோசிப்பான். நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால், பேங்க்கில் ரிட்டயரானவன் மர வேலையில் இறங்குவானா?

சொல்வது ரவுட்டரை. வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் பெட்டி இல்லை. மரத்தில் காடி எடுக்க, விளிம்பை உருட்ட, நிமிஷத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றும் மெஷின். தச்சு வேலைக்காரர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது டிரிம்மர் என்கிற அதன் தம்பி. ஒன்றரை கிலோ சொச்சம்தான், ஒரு கையில் அடங்கும். கடைக்காரரும் அதைத்தான் எடுத்து வைத்தார். "வீட்டு வேலைக்கு இது தாராளம் சார்." அந்த 'வீட்டு வேலை' எனக்குச் சுருக்கென்றது. அரை அங்குல பிட் மாட்டுகிற, 2,300 வாட் அண்ணனைக் காட்டச் சொன்னேன். அண்ணனைத் தூக்கிக் கவுன்டரில் வைக்கும்போது கடைக்காரரே ஒரு முறை முனகினார். அந்த முனகலுக்காகவே வாங்கினேன் என்று சொல்லலாம்.

2,300 வாட் என்றால் நம் ஊர் 230 வோல்ட்டில் 10 ஆம்பியர். கார் ஷெட்டில் இருந்த 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் சொருகக் கூடாது. வீட்டில் கைக்குக் கிடைத்த 16 ஆம்பியர் பாயின்ட் வாஷிங் மெஷினுடையது மட்டுமே. ஆகவே, நான் மரத்தை அறுக்கும் நாளில் வீட்டில் துணி துவைக்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. என் மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கொலுப் படி பண்ணித் தரேன்னு சொன்னீங்களே, அதுக்காகப் பொறுத்துக்கறேன்" என்றாள். அப்பா காலத்துத் தேக்குக் கட்டில் ஒன்று மாடியில் கிடந்தது. அதைப் பிரித்து ஏழு படி. விளிம்புகள் கூராக இல்லாமல் இரண்டு நூல் உருட்டல். கெடு, மகாளய அமாவாசை.

இவ்வளவு கனமான மெஷினைப் பலகை மேல் கையில் பிடித்து ஓட்டுவதைவிட, ஒரு மேஜையில் ஓட்டை போட்டு, மெஷினைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பிட் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி வைத்து, பலகையை அதன்மேல் தள்ளுவது உத்தமம். உலகமெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள். வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் பலகை கையை விட்டுப் பறக்கும். இதெல்லாம் சுலபம். பிட் எவ்வளவு எட்டிப் பார்க்க வேண்டும் என்பதில்தான் குடும்பம் இரண்டுபட்டது.

என்னுடையது பிளஞ்ச் வகை. இரண்டு கம்பிகள், அவற்றோடு இரண்டு முரட்டு ஸ்பிரிங்குகள். நிமிர்த்தி வைத்திருக்கும்போது மேலிருந்து அழுத்தினால் பிட் மரத்துக்குள் இறங்கும். கையை விட்டால் ஸ்பிரிங் மோட்டாரை மேலே தூக்கிவிடும். பாதுகாப்பான ஏற்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் எலு கம்பெனிக்காரர்கள் இந்த வகையைப் பிரபலமாக்கியபோது, யாரோ ஒருவன் இதைத் தலைகீழாகத் தொங்கவிடப் போகிறான் என்று அவர்கள் கவலைப்பட்டிருக்க நியாயமில்லை. தலைகீழானதும் கதை மாறுகிறது. பூமி மோட்டாரைக் கீழே இழுக்கிறது. ஸ்பிரிங்கும் அதே பக்கம் தள்ளுகிறது. பிட்டை உயர்த்த வேண்டியவன் நியூட்டனோடும் ஜெர்மன்காரனோடும் ஒரே கையால் மல்லுக்கட்ட வேண்டும்.

(இதற்கு முந்தைய பரம்பரை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் முதல் உலகப் போர்க் காலத்தில் ஆர். எல். கார்ட்டர் என்பவர், முடி வெட்டும் மின்கருவியின் மோட்டாரை வைத்துத்தான் கையடக்க ரவுட்டரைச் செய்தார் என்பார்கள். 1929-ல் அவர் தொழிலை ஸ்டான்லி கம்பெனி வாங்கிக்கொண்டது. முடி வெட்டுகிற வம்சத்தில் வந்த மெஷினுக்கு என் தலையில் ஒரு வேலையும் இல்லை என்பதால் அது என் முதுகைப் பிடித்துக்கொண்டது.)

மேஜைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிட் அருகே கை போகும் ஒவ்வொரு முறையும் பிடுங்க வேண்டும். இதில் மட்டும் நான் சோம்பல்பட்டதில்லை. பிறகு படுக்க வேண்டும். வயிறு முதலில் உள்ளே போகாது. வயிற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி அனுப்ப வேண்டும். பூட்டுகிற லீவர் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. உயரம் காட்டும் கோடுகள் முன்னால் இருக்கின்றன. எண்கள் தலைகீழ். லீவரைத் தளர்த்தியதும் முந்தின நாள் தேக்குத் தூள் கண்ணில் கொட்டும். என் மூக்குக் கண்ணாடியில் கிட்டப் பார்வைக்கான பாகம் கீழே இருக்கிறது. படுத்தபடி தலைக்கு மேலே இருக்கும் கோட்டைப் பார்க்க, தாடையை வானத்துக்குத் தூக்க வேண்டும். தலைக்கு மேலே பார்த்து வேலை செய்யும் பிளம்பர், மெக்கானிக்குகளுக்கு, வில்லையின் மேல் பக்கத்திலும் கிட்டப் பார்வை வைத்த கண்ணாடி உண்டு. கண் டாக்டரிடம் கேட்டேன். "நீங்க பேங்க்லதானே சார் இருந்தீங்க?" என்றார்.

ஆகவே அளவு பார்க்க மேலே ஒருவர் தேவைப்பட்டார். மனைவி கையில் ஸ்டீல் ஸ்கேலைக் கொடுத்து நிறுத்தினேன்.

"என்ன வருது?"

"கொஞ்சம் ஏத்துங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு? நூல் கணக்குல சொல்லு."

"எனக்கு நூலும் தெரியாது, ஊசியும் தெரியாது. ஒரு கடுகு ஏத்துங்க."

ஏத்தினேன். இரண்டு கம்பிகளில் ஒன்று நகர்ந்தது, மற்றது முரண்டு பிடித்தது. பிறகு இரண்டும் சேர்ந்து ஒரேயடியாகத் தாவின.

"ஐயோ, இது மிளகுங்க! இறக்குங்க, இறக்குங்க!"

இறக்கினேன். சரியான இடம் வந்ததும் "போதும்" என்றாள். லீவரை இறுக்கினேன். இறுக்குகிறபோது மெஷின் பெருமூச்சு விட்டதுபோல் லேசாக நழுவியது. "போதும்னு சொன்னேனே, மறுபடியும் ஏன் இறக்குறீங்க?" என்று மேலிருந்து குரல் வந்தது. நான் இறக்கவில்லை, அதுவாக இறங்கியது என்று ஒரு கணவன் மேஜைக்கு அடியில் இருந்து சொன்னால் எடுபடுமா? உருட்டல் பிட்டில் இந்த நழுவல் நன்றாகவே தெரியும். ஒரு இழை கூடினால் விளிம்பில் படி வெட்டு விழும். குறைந்தால் வளைவு முடியும் இடத்தில் கோடு போட்டதுபோல் ஒரு கூர் நிற்கும். இரண்டையும் உப்புத்தாளால் மறைக்கலாம் என்று சொல்கிறவர்கள் தேக்கில் உப்புத்தாள் போட்டுப் பார்க்காதவர்கள்.

மேஜையிலேயே மாட்டி வைக்கப்போகிற மெஷின் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம். கழற்ற இடம் கொடுக்கிற மாடல்களும் உண்டு. கழற்றினேன். பாதி பலம் மிச்சமாயிற்று. ஆனால் இப்போது லீவரைத் தொட்டதுமே மெஷின் தடுப்பார் இல்லாமல் 'டமால்' என்று கடைசிவரை விழுந்தது. விழும் இடத்தில் என் நெஞ்சு இருந்தது.

அடுத்து கார் ஜாக்கி. மேஜைக் கால்களுக்குக் குறுக்கே ஒரு கட்டை அடித்து, பழைய காரின் கத்தரி ஜாக்கியை அதில் உட்காரவைத்து மோட்டாருக்கு முட்டுக் கொடுத்தேன். ஒரு டன் காரைத் தூக்கியதற்கு ஆறு கிலோ எம்மாத்திரம்? தூக்கியது, அழகாகத் தூக்கியது. ஆனால் கத்தரி ஜாக்கிக்கு ஒரு குணம். மடங்கிக் கிடக்கும்போது ஒரு சுற்றுக்குக் கிடுகிடுவென ஏறும். நிமிர நிமிர ஏற்றம் குறையும். காலையில் 'ஒரு கடுகுக்குக் கால் சுற்று' என்று சாக்பீஸால் எழுதிய கணக்கு, பெரிய பிட் மாட்டிய மத்தியானத்தில் செல்லாது. டிராஃப்டும் செக்கும் பாஸ் பண்ணிய கைக்கு, ஒரு நாளைக்கு ஒரு ரேட் என்கிற இந்த வட்டிக் கணக்கு ஒத்துவரவில்லை.

கடைசியில் ஹார்டுவேர் கடையில் ஒரு மீட்டர் எம்-10 மரைக்கம்பி வாங்கினேன். சாதாரண எம்-10 மரையில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர். கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் அதே ஒன்றரை. கட்டையில் நட்டைப் பதித்து, கம்பியின் அடியில் ஒரு மரச் சக்கரம் மாட்டினேன். இப்போது படுக்க வேண்டாம். முக்காலியில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினால் போதும். சர்வீஸில் கிடைக்காத புரமோஷன்.

அன்றைக்கு ஒரு சந்தேகம் வந்து, அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு கடுகை எடுத்துக் காலிப்பரில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கடுகு ஒன்றரை மில்லிமீட்டர். அதாவது சரியாக ஒரு சுற்று. தச்சர் கணக்கில் ஏறக்குறைய அரை நூல். நான் மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்த அளவு, தாளிக்கிற கரண்டியில் தினமும் வெடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மனைவியிடம் சொன்னேன். "அதைத்தானே நான் முதல்லேர்ந்து சொல்றேன்" என்றாள். காலிப்பரைக் கழுவி வைக்கவும் சொன்னாள்.

ஏற்றுவதற்கு இது சரி. இறக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றினால் கம்பி இறங்கும், மோட்டார் சில சமயம் பிளஞ்ச் கம்பிகளில் தொற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும். பிறகு ஓடவிட்ட அதிர்வில் 'டொக்' என்று இறங்கும், பலகை பாழ். ஒரு கடுகு இறக்க வேண்டுமானால் இரண்டு கடுகு இறக்கி, ஒரு கடுகு ஏற்றி வர வேண்டும். இதை விளக்கியபோது மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜன்னல் கதவு பார்க்க வந்த தச்சு மேஸ்திரி ஷெட்டை எட்டிப் பார்த்தார். சக்கரம், கட்டை, மரைக்கம்பி, சாக்பீஸ் கணக்கு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "மெஷினை எதுக்கு சார் ஆட்டறீங்க? ஒரு தடவை முழு உயரத்துக்கு வச்சுப் பூட்டிடுங்க. பலகையை ஏத்துங்க" என்றார். பையிலிருந்த மைக்கா துண்டுகளை நடுவே ஓட்டை போட்டு, பிட்டைச் சுற்றி மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, டபுள் டேப்பில் ஒட்டினார். ஒரு மைக்கா ஒரு மில்லிமீட்டர். நாலு மைக்கா மேல் பலகையைத் தள்ளினால் லேசாகக் கடிக்கும். ஒன்றை உரித்துவிட்டு மறுபடி தள்ளினால் இன்னும் ஒரு மில்லிமீட்டர். தேக்கு கருகவில்லை, மெஷின் கத்தவில்லை. கடைசி மைக்காவை உரித்தபோது வளைவு வழவழவென்று மேஜையோடு வந்து முடிந்தது. என் மரைக்கம்பிக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டேன். "அந்த முழு உயரத்தை ஒரு தடவை வைக்கணுமே சார், அதுக்கு அது ஜோர்" என்று சமாதானம் சொன்னார். நல்ல மனிதர்.

மகாளய அமாவாசையன்று ஏழு படிகளும் கூடத்தில் நின்றன. பதினான்கு விளிம்புகளையும் ஒரு முறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை. அதற்குள் மனைவி பீரோவிலிருந்து சலவை வேட்டிகளைக் கொண்டுவந்து மேல்படியிலிருந்து விரிக்க ஆரம்பித்தாள். கொலுப் படிக்கு வேட்டி விரிப்பார்கள் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். மேஜைக்கு அடியில் கிடந்த நாட்களில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது படியில் மடிப்பு நிற்காமல் சரிந்தது.

"என்னங்க, ஓரமெல்லாம் இப்படி வழுக்குது? பழைய படியில வேட்டி கச்சிதமா நிக்கும்."

டிராயிங் பின் டப்பாவை எடுத்து, உருட்டிய விளிம்பில் வரிசையாகக் குத்த ஆரம்பித்தாள். தேக்கு கெட்டியல்லவா, கட்டை விரலுக்கு இறங்கவில்லை. சுத்தியல் எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.