புல்லுக்குள் போன அம்பு

“காற்று இழுத்துவிட்டது” என்று இந்தக் கோடையில் இன்னொரு முறை யாராவது சொல்லிக் கேட்டால், வில்லை முறித்து அடுப்பில் வைத்துவிடுவதாக இருக்கிறேன். இங்கிலாந்துக் கிராமத்து மேய்ச்சல் நிலம், இலைகூட அசையாத ஜூன் மாலை, 70 மீட்டரில் வட்டப் பலகை. அம்பு பலகைக்கு மேலே சாவகாசமாகப் பறந்து புல்லுக்குள் போகிறது. பழி காற்றின் மேல். காற்று இல்லையென்றால் நாண் புதுசு, நாண் பழசென்றால் கண்ணில் வெயில். நாம் எல்லோரும் சொல்வதுதான். முழங்கையை எந்த உயரத்தில் வைத்தால் இது நடக்காது என்பதை விளக்கத்தான் எழுத உட்கார்ந்தேன், அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று: கோடை வயலில் நடக்கும் காரியத்துக்கு வில்வித்தை என்ற பெயர் பொருந்தவே பொருந்தாது. அது தேடும் வித்தை. அம்பு விடுவது அதற்கு ஒரு சாக்கு.

நேரக் கணக்கே இதற்குச் சாட்சி. நுனி முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லிலிருந்து கிளம்பும் அம்பு அந்த 70 மீட்டரை ஒன்றரை நொடிக்குள் கடந்துவிடும். அதைத் தேடப் பொழுது சாயும்வரை ஆகும். தாழ வரும் அம்பு மண்ணில் குத்திக்கொண்டு நிற்காது. புல்லின் வேரோடு வேராக, தரைக்கு இணையாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடும். இளஞ்சிவப்பு இறகு புல்லில் பளிச்சென்று தெரியும் என்பார் கடைக்காரர். தெரியும்தான், இறகு புல்லுக்கு மேலே இருந்தால். பிறகு சாட்சிகள். விட்டவர் வேலியோரம் என்பார். பக்கத்தில் நின்றவர் அந்த மஞ்சள் பூவுக்கு இந்தப் பக்கம் என்பார், வயல் முழுக்க மஞ்சள் பூ. அந்த நேரத்தில் திரும்பி நின்று ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்தான் எல்லோரையும்விட உறுதியாக இடம் காட்டுவார். அம்பு போன திசைக்குக் குறுக்காக புல்வாரியை இழுத்துக்கொண்டு வந்தால் தண்டு மாட்டும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் திசை எது என்பதில்தானே சண்டை. அடுத்து மெட்டல் டிடெக்டர் வரும். அது லாடத்தைக் காட்டும், வேலிக் கம்பியைக் காட்டும், டின் மூடியைக் காட்டும். கடைசியில், தேடுவதை விட்டுவிட்டுக் காருக்கு நடக்கிறவர் காலடியில் ஒரு ‘சடக்’. “கிடைச்சிருச்சு!” என்று அவர் கூவுவதில் உள்ள சந்தோஷம் அம்பின் சொந்தக்காரர் முகத்தில் இருக்காது.

பின்னால் வலை கட்டலாமே என்பார்கள். கட்டலாம், புல்லோடு வழுக்கும் அம்பு வலைக்கு அடியில் போகும். புல்லை வெட்டச் சொல்லலாமே என்பார்கள். அந்தப் புல் நமக்குத்தான் இடைஞ்சல், நிலத்துக்காரருக்கு அது மாட்டின் குளிர்காலச் சாப்பாடு. அவர் முறைப்பதில் நியாயம் இருக்கிறது. மாடு ஆணியை விழுங்கினால் பிடித்து வைத்துக்கொள்ள அதன் வயிற்றுக்குள் காந்தம் போடும் வழக்கம் உண்டு. அறுவடை எந்திரத்தில் நொறுங்கிய கார்பன் தண்டின் சிலும்பைக் காந்தம் பிடிக்காது, மரத்தண்டு போல அது மக்கவும் மக்காது. தொலைந்த அம்பை எண்ணாமல் வீட்டுக்குப் போகிறவரை ‘விளையாட்டு வீரர்’ என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. எட்டாம் ஹென்றி ஆட்சியின் தொடக்கத்தில் லண்டனைச் சுற்றியிருந்த நிலங்களை அடைத்துவிட்டார்கள் என்று நகரத்தார் மண்வெட்டியோடு போய் வேலியைப் பிடுங்கி அகழியைத் தூர்த்தார்கள். அம்பு விட இடமில்லை என்பது புகார். அதே மன்னரின் 1541ஆம் ஆண்டுச் சட்டம், 24 வயது தாண்டியவர் 220 கஜத்துக்குக் குறைந்த தூரத்தில் குறி வைக்கக் கூடாது என்றது. அம்பு செய்கிறவர்கள் கேட்டு வாங்கிய சட்டமோ என்று எனக்குச் சந்தேகம். யார்க்‌ஷயரின் ஸ்கார்ட்டன் ஊரில் 1673 மே மாதம் வெள்ளி அம்புப் போட்டியைத் தொடங்கியவர்கள் விவரமானவர்கள். மைதானத்தில் கெட்ட வார்த்தை பேசினால் வார்த்தைக்கு ஒரு ஷில்லிங் அபராதம், தொகை அந்த ஊர் ஏழைகளுக்கு என்று விதி எழுதி வைத்தார்கள். புல் செழித்த வருஷங்களில் ஸ்கார்ட்டனில் ஏழையே இருந்திருக்க மாட்டார்.